மகளுக்குத் தெரியாமல் மகளின் பெயரில் கல்விக்கடனா?

குமாரபாளையம் பக்கத்தில் கூலிக்கு நான்கு விசைத்தறி ஓட்டும் ஒருவர் கேட்ட கேள்விக்கு இதை எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட் ஆஃப் 165 பக்கம் வருகிறது. கலந்தாய்வில் போனால் ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல் பிரிவு கிடைக்கும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். தரகர் ஒருவரோ, பெயர் பெற்ற கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் வாங்கித் தருவதாகவும் விடுதி உட்பட நான்கு ஆண்டுக்கும் பத்து லட்சம் ஆகும் என்றும் சொல்கிறார். வீட்டில் 12 பவுன் நகை இருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துச் சொச்சம். தாத்தா பாட்டி காலத்திலிருந்து குடும்பத்தில் ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை. இளையவன் ஒன்பதாம் வகுப்பு. நகையை விற்பதா, வங்கியில் கடன் வாங்குவதா, மகனுக்காவது இப்போதிருந்தே பணத்தின் அருமையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "கடன் வாங்கினாலும் அந்த விஷயம் பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறோம். அவள் கவலையில்லாமல் படிக்கட்டும்."

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, கல்விக்கடன் உங்கள் கடன் அல்ல, உங்கள் மகளின் கடன். வங்கியின் ஏட்டில் முதல் கடன்தாரர் அவள். நீங்கள் உடன் கையெழுத்திடுபவர். நான் வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பதினோரு ஆண்டுகள் கிளை மேலாளராக இருந்தேன். ஜூன், ஜூலை வந்தால் என் மேசைக்கு முன்னால் அப்பாவும் பிள்ளையும் வந்து உட்காருவார்கள். நான் பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு கடன் வேண்டும், எதற்கு?" என்று கேட்பேன். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பா பதில் சொல்வார். பிள்ளை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். பதினெட்டு வயதில், வாழ்நாளின் முதல் பெரிய ஒப்பந்தத்தில், ஒரு வரியும் படிக்காமல் போட்ட கையெழுத்து அது.

அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு பையன் எட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தான். கோயம்புத்தூரில் நல்ல வேலை. பைக் கடன் கேட்டுப் போன இடத்தில் மறுத்துவிட்டார்கள். காரணம், கல்விக்கடன் நிலுவை. அப்பா "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் கட்டியும் இருக்கிறார். பிறகு பாட்டியின் வைத்தியச் செலவு வந்தது, நிறுத்திவிட்டார். வங்கி அனுப்பிய கடிதங்களை மகன் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துவிட்டார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண், பையனுடையது தரைக்கு வந்துவிட்டது, அப்பாவுடையதும்தான். என் முன்னால் உட்கார்ந்து அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தெரிந்திருந்தால் முதல் சம்பளத்திலிருந்தே கட்டியிருப்பேனே, மேடம்." அந்தத் தந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில்தான் மறைத்தார். ஆனால் பிள்ளையைக் காப்பாற்ற நினைத்து அவனிடமிருந்து மறைத்தது, அவனே சரிசெய்திருக்கக்கூடிய ஒன்றை.

ஆகவே முதல் வேலை, இந்த வாரம் ஒரு நாள் தறியை நிறுத்திய பிறகு நான்கு பேரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு நோட்டில் வீட்டு வரவு செலவை எழுதுங்கள். எழுதுவது மகளாக இருக்கட்டும். கூலி எவ்வளவு, மின்கட்டணம், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஓட்டச் செலவு, மளிகை, சீட்டுத் தவணை, யாருக்காவது தர வேண்டியது, எல்லாம். நம் ஊரில் பிள்ளைகளுக்கு வீட்டின் கஷ்டம் தெரியும், ஆனால் அதன் தொகை தெரியாது. தொகை தெரியாத கஷ்டம் பயமாகத்தான் தங்கும். தொகை தெரிந்தால் அதைக் கூட்டலாம், கழிக்கலாம். பிறகுதான் கல்லூரிப் பேச்சு.

இப்போது தரகர் சொன்ன பத்து லட்சத்துக்கு வருவோம். அதைப் பிரித்துக் கேட்டீர்களா? தனியார் தொழிற்கல்லூரிகள் வாங்கக்கூடிய படிப்புக் கட்டணத்தைத் தமிழ்நாட்டில் ஒரு கட்டண நிர்ணயக் குழு வகுக்கிறது. 2017-இல் அது வகுத்த கணக்கில், என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பொறியியல் பிரிவுக்குக் கலந்தாய்வு இடமென்றால் ஆண்டுக்கு 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீடென்றால் 87,000 ரூபாய். இந்த ஆண்டுக்கு என்ன தொகை என்பதைச் சேருவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போதைக்கு இந்தத் தொகையையே வைத்துப் பார்ப்போம். 87,000 ரூபாய் நான்கு ஆண்டுக்கு 3,48,000. விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், புத்தகம் என்று ஆண்டுக்கு 70,000 போட்டால் 2,80,000. இரண்டும் சேர்ந்து 6,28,000 ரூபாய். அப்படியானால் மீதி 3,72,000 ரூபாய்க்கு என்ன பெயர்?

அதற்குப் பெயர் நன்கொடை. கட்டாய நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்களுக்கு முக்கியமானது இது: ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. வங்கி, கல்லூரி எழுத்தில் தரும் கட்டண விவரத்தைப் பார்த்துக் கல்லூரியின் கணக்குக்கே பணத்தை அனுப்பும். எனவே அந்த 3,72,000 ரூபாயை நீங்கள் வெளியில்தான் புரட்ட வேண்டும். இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 7,440 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும். அசல் அப்படியே நிற்கும். (நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் குழுவின் வரம்புக்குள் வராதவை, அவை கேட்கும் கட்டணம் தனி. தரகர் சொல்லும் இடம் எந்த வகை என்பதையும் கேளுங்கள்.)

இந்த "வட்டி" என்ற சொல்லை உங்கள் மகளுக்கும் மகனுக்கும் ஒரே மாலையில் புரிய வைத்துவிடலாம். நாம் ஊரில் "இரண்டு வட்டி, மூன்று வட்டி" என்று மாதக் கணக்கில் பேசுகிறோம்: நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வங்கி ஆண்டுக் கணக்கில் "10 சதவீதம்" என்று பேசுகிறது. காதில் விழும்போது இரண்டு சின்னதாகவும் பத்து பெரியதாகவும் இருக்கிறது. உண்மையில் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியின் 10 சதவீதம் ஊர்க் கணக்கில் ஒரு ரூபாய் வட்டிகூட இல்லை, 83 பைசா வட்டி. இந்த ஒரு மாற்றுக் கணக்குத் தெரியாமல், "வங்கியில் பத்து வட்டி கேட்கிறார்கள்" என்று பயந்து தனியாரிடம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கலந்தாய்வு இடம். 55,000 ரூபாய் கட்டணத்தில், முதல் பட்டதாரி சலுகையாக அரசு 25,000 ரூபாயை ஏற்றுக்கொள்கிறது. ஆக நீங்கள் கட்ட வேண்டியது 30,000. இந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் நான்கு ஆண்டில் ஒரு லட்சம் ரூபாயை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இது கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மகனின் செலவைத் திட்டமிடும்போது இதை எதிர்பார்க்க முடியாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் வந்திருக்கும். நடந்து முடிந்ததை நினைத்து வருந்தச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால், அந்த வீட்டில் இதைச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவில் கல்லூரிச் செலவும் அடங்கியிருக்கிறது என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

சமூக வாரியான கல்வி உதவித்தொகைகளில் பலவற்றுக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். உங்கள் வருமானம் அதைத் தாண்டுகிறது, எனவே அதை நம்ப வேண்டாம். அரசின் சமூகநீதி விடுதிகளையும், நிபந்தனைகள் பொருந்துமா என்று விசாரித்துவிட்டே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, 30,000 கட்டணமும் 70,000 இதர செலவும் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம். நான்கு ஆண்டுக்கு நான்கு லட்சம். இது வங்கிக்கும் எளிதான தொகை. நான்கு லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், உங்கள் பங்காக முன்பணம் வேண்டாம். ஏழரை லட்சம் வரைகூட, ஈட்டுக்குப் பதிலாக மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேல்தான் வீடு, நிலம் என்று கேட்பார்கள்.

இப்போது மகளையே பேனா பிடிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு முறை பணம் வெளியே போகிறது. வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி. முதல் ஒரு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். வாங்கியது நான்கு லட்சம், தவணை தொடங்கும் நாளில் ஏட்டில் நிற்பது 5,40,000. பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதம் 5,800. கேட்க இதமாக இருக்கும், ஆனால் கடைசியில் கட்டி முடிப்பது 10,44,000. பத்து ஆண்டில் 8,56,000. மாதம் 1,300 ரூபாய் குறைத்துக்கொள்வதற்கு விலை கிட்டத்தட்ட 1,88,000 ரூபாய்.

எட்டாம் வகுப்பில் தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அம்மாவின் நகைக்கடன் ரசீதைக் கொடுத்து, இதில் வட்டி எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறார்கள். அசல், வட்டி வீதம், காலம் என்று சூத்திரம் மனப்பாடம். அந்த மூன்றும் தன் வீட்டுப் பீரோவில் இருக்கும் காகிதத்திலும் அச்சாகியிருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. ஓய்வுக்குப் பின் அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசும்போது நான் கரும்பலகையில் எதையும் எழுதுவதில்லை. பெயரை மறைத்த பழைய ரசீதுகளைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அரை மணி நேரத்தில் வகுப்பு சந்தைபோல் ஆகிவிடும்.

பத்து லட்சத்துக்கும் இதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். எல்லாமே வங்கிக் கடனாகக் கிடைத்தால்கூட, தவணை தொடங்கும்போது 13,50,000 ரூபாய். பத்து ஆண்டுக்கு மாதம் 17,840. முதல் வேலையில் கைக்கு 22,000, 25,000 ரூபாய் வாங்கும் பெண், வாடகையும் சாப்பாடும் போக இதை எங்கிருந்து கட்டுவாள்? என் அனுபவத்தில் வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு: முதல் வேலையின் கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டினால், அந்தக் கடன் இரண்டாம் ஆண்டிலேயே தடுக்கி விழும். 7,140 அந்த அளவுக்குள் நிற்கிறது. 17,840 நிற்கவில்லை.

"ஆனால் அது பெரிய கல்லூரி, கணினி அறிவியல்" என்று தரகர் சொல்வார். பெயரை விடுங்கள், மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்தப் பிரிவுக்கு, கவனியுங்கள், கல்லூரிக்கு அல்ல, அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதில் அது எங்கே நிற்கிறது? போன ஆண்டு வேலை கிடைத்தவர்களில் நடுவில் இருக்கும் மாணவரின் சம்பளம் என்ன? உச்சச் சம்பளம் வாங்கிய ஒருவரின் படம்தான் பஸ் ஸ்டாண்டு பேனரில் இருக்கும். உங்கள் மகள் நடுவில் இருப்பவர்களில் ஒருத்தியாக இருக்கும் வாய்ப்பே அதிகம். அதில் குறைவு ஒன்றுமில்லை. மின்னணுவியல் படித்து மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எனக்குக் கலந்தாய்வு இடம்தான் சரி என்று படுகிறது. ஆனால் கணக்குகளைப் பார்த்துவிட்டு உங்கள் மகள் அதைச் சொல்லட்டும்.

வட்டி மானியம் பற்றி இப்போது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனில் படிப்புக் காலம் மற்றும் அடுத்த ஓராண்டின் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். மேலே சொன்ன 1,40,000 ரூபாயை அரசு கட்டிவிட்டால், தவணை நான்கு லட்சத்துக்கு மட்டும். மாதம் 5,290 ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஆனால் இது தானாக நடக்காது. கல்லூரிக்கோ பிரிவுக்கோ நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும். வருமானச் சான்றிதழ் வங்கியில் சேர வேண்டும். வங்கி அதை ஒவ்வோர் ஆண்டும் மானியத்துக்குக் கேட்டு அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி விட்டுப்போனதால், தகுதி இருந்தும் மானியத்தை இழந்த பிள்ளைகளை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி, மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் மகளின் வேலை. படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டம் தேசியத் தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கானது. கலந்தாய்வில் கிடைக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தால் ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கும் வட்டியில் 3 சதவீதம் குறைப்பு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களுக்கு அதில் இடமில்லை.

விண்ணப்பம் வித்யாலட்சுமி இணையதளத்தில். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் கல்விக்கடன் முகாம்களுக்கும் போகலாம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: கல்லூரியின் கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், ஒதுக்கீட்டு ஆணை என்று ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக்கொண்டு, மாணவியே பேசினால் அந்த விண்ணப்பம் வேறு மாதிரி நடத்தப்படுகிறது. தெளிவாகக் கேட்கிற பிள்ளை தெளிவாகத் திருப்பிக் கட்டும் என்று எந்த மேலாளருக்கும் தோன்றும்.

நகையை விற்காதீர்கள். முழுவதையும் அடகு வைத்து நான்கு ஆண்டை ஓட்டவும் நினைக்காதீர்கள். நகைக்கடனை ஆண்டுதோறும் திருப்பவோ புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் பாவு இல்லாமல் தறி நின்றிருந்தால் ஏலம் வரை போகும். நகைக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை வந்த சில நாட்களில் முதல் பருவக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். கடன் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிக்கு இரண்டு பவுன் போதும், அதையும் வங்கியிலேயே வையுங்கள். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தினால், கல்விக்கடன் வந்ததும் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். கடன் வந்ததும் நகை வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வட்டி மானியம் உறுதியாகும் வரை நான் இன்னொன்றையும் சொல்வேன். முதல் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். அந்த 833 ரூபாயை மகளின் பெயரில் தொடர் வைப்பாக (மாதாமாதம் போடும் ஆர்.டி.) போடுங்கள். மானியம் வந்தால் அது சேமிப்பு. வராவிட்டால் வட்டியை அதிலிருந்து உடனுக்குடன் கட்டிவிடலாம், வட்டி அசலோடு சேராது. (படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவருகிறவர்களுக்கு வட்டி வீதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு.) என்னிடம் கடன் வாங்கிய ஒரு நர்சிங் மாணவி, விடுமுறைகளில் தையல் வேலை செய்து முதல் ஆண்டின் வட்டியைத் தானே கட்டினாள். சில மாதம் ஐநூறு, சில மாதம் ஆயிரம். கவுன்ட்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு போகும்போது அவள் நடையே வேறாக இருக்கும்.

விடுதிக்குப் போன பிறகு மாதம் எவ்வளவு அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். தொகையை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள், மாதம் ஒரு முறை அனுப்புங்கள், பிறகு அனுப்பாதீர்கள். முதல் மாதம் இருபதாம் தேதியே தீர்ந்துவிடும். தீரட்டும். விடுதியில் சாப்பாடு இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டாள். அந்தப் பத்து நாள் சொல்லித்தருவதை நாம் பத்து ஆண்டு பேசினாலும் சொல்லித்தர முடியாது. இதில் குறுக்கே வருவது அம்மாக்கள் அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பும் ஐநூறு ரூபாய்தான். தாய் மனம் எனக்குப் புரியும். என் மகனுக்கு நானும் அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அவசரத்துக்கென்று ஒரு தொகையை வேறு கணக்கில் தனியாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். எது அவசரம் என்று அவளே முடிவு செய்யட்டும், பிறகு கணக்குச் சொல்லட்டும்.

கைப்பேசியில் காட்டிப் பணம் கொடுப்பதில் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து ரூபாய் டீ, முப்பது ரூபாய் ஜூஸ், எல்லாம் ஒரே மாதிரி ஒரு சத்தம் எழுப்பிவிட்டுப் போய்விடும். நூறு ரூபாய்த் தாளை உடைக்கும்போது மனதில் விழும் தயக்கம் அங்கே இல்லை. முதல் மூன்று மாதம் மட்டுமாவது ஞாயிற்றுக்கிழமைதோறும் யு.பி.ஐ. பட்டியலை எடுத்து நோட்டில் கையால் எழுதச் சொல்லுங்கள். கண்டிக்க அல்ல, நீங்கள் பார்க்கக்கூட வேண்டாம்.

ஆனால் மூன்று விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். முதலாவது, "உன் வங்கிக் கணக்கைச் சும்மா கொடு, அதில் பணம் வந்து போகும், உனக்குக் கமிஷன்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிட வேண்டும். அது மோசடிப் பணத்தைக் கடத்தும் வழி. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் காவல்துறை முதலில் தேடி வரும். கல்லூரி மாணவர்களைக் குறிவைத்தே இதைக் கேட்கிறார்கள். இரண்டாவது, உடனடிக் கடன் தரும் செயலிகள். மூவாயிரம் ரூபாய்க்காகக் கைப்பேசியில் உள்ள எண்களையும் படங்களையும் ஒப்படைத்துவிட்டுப் பிறகு மிரட்டலுக்கு ஆளாகிறார்கள். மூன்றாவது, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு. தமிழ்நாட்டில் அதனால் போன உயிர்களை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். இவற்றில் எதிலாவது மாட்டிக்கொண்டால் அன்றே வீட்டில் சொல்லலாம், திட்ட மாட்டோம் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். பயத்தில் மறைப்பவர்கள்தான் மூழ்குகிறார்கள். மோசடி என்றால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

ஒன்பதாம் வகுப்பு மகனுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். அக்காவின் கடன் கணக்கைப் போடும் மாலையில் அவனும் பக்கத்தில் இருந்தால் போதும். நாங்கள் பள்ளியில் படித்தபோது சஞ்சாயிகா என்று ஒரு சேமிப்பு இருந்தது. நாங்கள் கொண்டுபோகும் சில்லறையை ஆசிரியர் சிறிய புத்தகத்தில் வரவு வைப்பார். தொகை அற்பம், ஆனால் என் பெயர் போட்ட கணக்குப் புத்தகம் என்ற பெருமை பெரிது. அதற்கு ஈடாக இப்போது பத்து வயது தாண்டிய பிள்ளை தானே நடத்தும் சேமிப்புக் கணக்கை வங்கியில் தொடங்கலாம். அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயிலேயே தொடர் வைப்பு உண்டு. வீட்டு மின்கட்டணத்தை அவன் பொறுப்பில் விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைப் படித்து, இலவசமான நூறு யூனிட் போக எத்தனை, எந்த அடுக்கில் எவ்வளவு என்று அவன் கணக்கிடட்டும். மின்விசிறியை அணைக்கச் சொல்லி நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

அக்கம்பக்கத்தில் பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருக்கும் வீடுகளில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து போடலாம்; பதினெட்டு வயதில் உயர்கல்விக்குப் பாதி வரை எடுக்கலாம். உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, அவர்களுக்கு இருக்கிறது.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டும் வர நாள் ஆகும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகப் போகும். கலந்தாய்வு நெருங்கும்போது இ-சேவை மையத்தில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். நாளைக்கே போங்கள். விண்ணப்பத்தை மகளே பதிவு செய்யட்டும், வருமானம் என்ற கட்டத்தில் தொகையை அவளே எழுதட்டும். வரவு செலவு நோட்டை முந்தின இரவே எழுதியிருந்தால் அந்தத் தொகை என்ன என்று உங்களிடம் கேட்க மாட்டாள்.